கட்டியின் நொதிய அளவை வைத்து ஆயுளைக் கணக்குப் போடாதீர்கள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தால் போதும், "கட்டியில் இந்த நொதியம் கூடினால் ஆள் தப்பாதாம்" என்று யாராவது வட்சப்பில் அனுப்பிவிடுவார்கள். இந்தப் பேச்சில் பெரும்பாலும் அடிபடுவது தைமிடிலேட் சிந்தேஸ். கலம் டி.என்.ஏ. செய்ய இது வேண்டும், 1957 முதல் தெரிந்த ஃபைவ் எஃப்.யூ. என்ற புற்றுநோய் மருந்து முடக்குவதும் இதைத்தான். கட்டியில் இது கூடுதலாக இருந்தவர்கள் சராசரியாகக் குறைந்த காலம் வாழ்ந்ததாகப் பல ஆய்வுகள் சொன்னது உண்மை. ஆனால் அது கூட்டத்தின் சராசரி, உங்கள் அப்பாவின் தலையெழுத்து அல்ல. அளக்கும் முறையும் எது "கூடுதல்" என்ற எல்லையும் ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால் வழக்கமான சிகிச்சை முடிவுகளுக்கு இதை எடுப்பதில்லை.

இதைவிட ஆபத்தான குழப்பம், டி.பி.டி. என்ற இன்னொரு நொதியத்தையும் இதே கணக்கில் சேர்ப்பது. இங்கே கவனிக்க வேண்டியது கட்டியில் உள்ள அளவை அல்ல. உடம்புக்குள் போகும் ஃபைவ் எஃப்.யூ.வில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த நொதியம்தான், முக்கியமாக ஈரலில், உடைத்து வெளியேற்றுகிறது; பிறவியிலேயே இது குறைந்தவர்களுக்கு வழக்கமான டோஸ் கொடுத்தால் வாயெல்லாம் புண், நிற்காத வயிற்றோட்டம், வெள்ளணுக்கள் சரிவு என்று போய் உயிருக்கே உலை வைக்கலாம். அதனால்தான் ஐரோப்பிய மருந்து முகமை 2020இல், மருந்து தொடங்கும் முன்பே இதைச் சோதிக்கச் சொன்னது. இரத்தம் எடுத்தால் போதும். "எனக்கு ஊசி இல்லை, குளிசைதானே" என்று இருந்துவிடாதீர்கள், கெப்பசிட்டபின் குளிசையும் உடம்புக்குள் போய் அதே ஃபைவ் எஃப்.யூ.வாகத்தான் மாறுகிறது.

அப்புறம் இதே பேச்சில் இழுக்கப்படும் சி.ஈ.ஏ. அது நொதியமே இல்லை, இரத்தத்தில் பார்க்கும் ஒரு புரதம். சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சும்மாவே கொஞ்சம் கூடும்.

இவ்வளவையும் தேடுகிறவர்கள் கையில் இருக்கும் பத்தோலொஜி றிப்போர்ட்டை, அதாவது வெட்டி எடுத்த கட்டியைச் சோதித்த அறிக்கையைப் படிப்பதில்லை, எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். கட்டி குடற்சுவரில் எவ்வளவு ஆழம் போனது, எத்தனை நிணநீர்க்கணுவைப் பார்த்தார்கள் (குறைந்தது 12 வேண்டும்), அதில் எத்தனையில் நோய், இவைதான் முதலில் பேசும். எம்.எம்.ஆர். புரதங்களை (டி.என்.ஏ. படியெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்துபவை) சோதித்தார்களா என்றும் பாருங்கள். நிணநீர்க்கணுக்களுக்குப் பரவாத இரண்டாம் ஸ்டேஜில் அவை இல்லாத கட்டி பொதுவாக நல்ல போக்குள்ளது, ஃபைவ் எஃப்.யூ. மட்டும் கொடுப்பதால் அங்கே பெரிய பலனும் இல்லை. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகும்போது றிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் கொண்டுபோங்கள், போனில் எடுத்த கடைசிப் பக்கத்துப் படத்தை மட்டும் நீட்டினால் டொக்டராலும் ஒன்றும் சொல்ல முடியாது.