வயிற்று உப்புசத்துக்கு மூலிகை: மருந்தைவிடப் புகட்டும் முறையே மாட்டைக் கொல்கிறது

சென்ற மாதம் பக்கத்து ஊரில், புதிதாக மாடு வளர்க்கத் தொடங்கிய இளைஞர் ஒருவர், உப்புசம் கண்ட கறவையின் தலையை இருவரைக் கொண்டு வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்து, நாக்கை வெளியே இழுத்து, மூங்கில் குழாயால் கஷாயத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். ஓடிச்சென்று தடுத்தேன். எடை பார்க்காமல் அரைப்பது, அம்மியைக் கழுவாதது போன்ற தவறுகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால், அவற்றை விட்டுவிட்டு, மாட்டு மூலிகை வைத்தியத்தில் நடக்கும் மற்ற தவறுகளை இங்கே சொல்கிறேன்.

தலையைத் தூக்கி ஊற்றுவது

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் செய்தேன். நல்லெண்ணெயில் கலந்த இஞ்சிச் சாற்றை ஊற்றினேன்; மாலைக்குள் உப்புசம் வடிந்துவிட்டது என்று பெருமையும் பட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சலும் மூக்குச்சளியும் இளைப்பும் கண்ட அந்தப் பசு, ஐந்தாம் நாள் இறந்தது. செரியாமை முற்றிவிட்டது என்றே நான் ஊராரிடம் சொன்னேன். உண்மையில், நான் ஊற்றிய மருந்து நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது.

நாக்கைப் பிடித்திருக்கும்போது மாட்டால் விழுங்க முடியாது. கழுத்து நிமிர்ந்திருந்தால் திரவம் தானாகவே மூச்சுக்குழாய் வழியே போகும். உப்பிய வயிறு நெஞ்சை நெருக்கும்போது மாடு வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் என்பதால், அந்த நேரத்தில் ஊற்றுவதுதான் மிகவும் ஆபத்தானது. எண்ணெய் இன்னும் மோசம். தண்ணீரைப் போல உடனே இருமலைத் தூண்டாமல் ஓசையின்றி உள்ளே போய்விடும். இவ்வளவுக்குப் பிறகும், கழுத்தை ஒடிக்காத குறையாகத் தூக்கிப் பிடித்து ஊற்றுவதை ஒரு கைத்திறன் போலக் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

தஞ்சாவூரில் கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மரபு மருத்துவ முறையில் ஊற்றும் வேலையே இல்லை. சின்ன வெங்காயம், இஞ்சி, வெல்லம் ஒவ்வொன்றும் 100 கிராம், பூண்டு 10 பல், சீரகம், மஞ்சள் தலா 10 கிராம், மிளகு 10 மணி, வெற்றிலை 10, மிளகாய் வற்றல் 2 ஆகியவற்றை விழுதாக அரைத்து, சிறு உருண்டைகளாக்கி, கல் உப்பில் தொட்டு, நாக்கின் சொரசொரப்பான மேற்பகுதியில் தேய்த்துக் கொடுக்க வேண்டும். மாடு சுவைத்து, உமிழ்நீர் ஊறி, தானாகவே விழுங்கும். வாயு நுரையாகச் சிக்கிக்கொண்டு எண்ணெய் தேவைப்படும் நுரை உப்புசமானால், மருத்துவர் குழாய் செலுத்திக் கொடுக்கட்டும். அவர் வரும்வரை முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி மாட்டை நிறுத்தி வையுங்கள்.

எல்லா உப்புசத்தையும் ஒன்றாகப் பார்ப்பது

மாட்டுப் பொங்கலன்று அன்பாக ஊட்டும் சோறும் பொங்கலும் அளவு மீறினால், வயிற்றில் அமிலம் பெருகி மாடு சோர்ந்து படுத்துவிடும். இடப்பக்க வயிற்றைத் தட்டினால் மத்தளம் போல ஒலிக்காமல், உள்ளே தண்ணீர் அலம்புவது போலிருக்கும். இதற்கு மூலிகை உருண்டையைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பது கூடாது. உப்புசம் வடிந்து வடிந்து மீண்டும் வருமானால், கம்பியோ ஊசியோ விழுங்கியிருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த சிறிது நேரத்தில் மாடு தள்ளாடி மூச்சுத் திணறினால் அது நஞ்சு; அப்போது அம்மியைத் தேடாமல் மருத்துவரை அழையுங்கள்.

கழிச்சல் மருந்தை வறுக்காமல் அரைப்பது

வெந்தயம், சீரகம், கசகசா, பெருங்காயம் நான்கையும் புகை வரும்வரை கருக வறுத்து, ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சாணத்தில் இரத்தம் கண்டால் வீட்டு மருந்தோடு நிற்காதீர்கள்.

கன்றுக்கும் மாட்டின் அளவையே கொடுப்பது

கூடாது.