பத்துத் தடவை படித்தும் மறந்துபோகிறதா? நினைவின் போக்கறிந்து படிக்கும் முறை

"பத்துத் தடவை படித்தேன், எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கண்கலங்கிச் சொல்வதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் உழைக்க அஞ்சாதவர்கள். உழைக்கும் விதம்தான் நினைவு இயங்கும் விதத்தோடு பொருந்தாமல் போய்விடுகிறது. கண்ணும் காதும் கொண்டுவரும் செய்தி புலன் நினைவு, செயல்படு நினைவு ஆகிய இரண்டு நிலைகளைக் கடந்துதான் நீண்டகால நினைவில் சேர்கிறது என்பது தெரிந்துவிட்டால், படிக்கும் முறையை மாற்றிக்கொள்வது கடினமில்லை. இதயத்தின் வழியே இரத்தம் செல்லும் பாதையைப் பற்றிய பாடத்தை எடுத்துக்காட்டாக வைத்து அந்த முறையைச் சொல்கிறேன்.

1960இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்பெர்லிங், வரிசைக்கு 4 வீதம் 3 வரிசைகளில் எழுத்துகளை ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கு நேரமே காட்டினார். எல்லாவற்றையும் சொல்லச் சொன்னபோது நான்கைந்து எழுத்துகள்தான் வந்தன. ஆனால் எழுத்துகள் மறைந்தவுடனே ஓர் ஒலியை எழுப்பி, அந்த ஒலி குறிக்கும் வரிசையை மட்டும் கேட்டபோது, அது எந்த வரிசையானாலும் அதிலிருந்த பெரும்பாலான எழுத்துகளைச் சொல்ல முடிந்தது. அப்படியானால் பார்த்தவற்றில் பெரும்பகுதி ஒரு கணம் புலன் நினைவில் இருந்திருக்கிறது. கவனம் தொட்டது தங்கியது, தொடாதது ஒரு வினாடிக்குள் அழிந்தது. காதுக்குச் சில வினாடிகள் கூடுதலாக அவகாசம் உண்டு. அடுக்களையிலிருந்து அம்மா ஏதோ கேட்க, "என்னம்மா?" என்று நாம் திருப்பிக் கேட்டு முடிப்பதற்குள் அவர் சொன்னது நமக்கே விளங்கிவிடுகிறதே, அது அந்தச் செவி நினைவின் வேலை.

ஆகவே புத்தகத்தைத் திறக்குமுன் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு கேள்வியைத் தாளில் எழுதுங்கள்: "காலிலிருந்து திரும்பும் இரத்தம் மறுபடி உடலுக்குள் பாய்வதற்கு முன் எங்கெல்லாம் போய் வருகிறது?" தேடுவதற்கு ஒன்று இருக்கும்போது கவனம் தானாகவே அதன்மேல் நிற்கும்.

கவனம் பிடித்துக் கொடுப்பதை ஏந்திக்கொள்ளும் செயல்படு நினைவு மிகச் சிறியது. ஒரே நேரத்தில் சுமார் 7 செய்திகளைத் தாங்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். 4 என்பதே பொருத்தமான கணக்கு என்று நெல்சன் கோவன் 2001இல் வாதிட்டார். நமது பாடத்திலோ பெருஞ்சிரைகளில் தொடங்கிப் பெருந்தமனி வரை 11 பெயர்கள் இருக்கின்றன. ஒரே மூச்சில் விழுங்கப் பார்த்தால் பின்னால் வருவது முன்னால் வந்ததைத் தள்ளிவிடும். அதனால் வலப்பக்கம் நான்கு (பெருஞ்சிரைகள், வலது ஆரிக்கிள் என்னும் மேலறை, மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள் என்னும் கீழறை), நுரையீரல் பயணம் மூன்று (நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரைகள்), இடப்பக்கம் நான்கு (இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி) என்று பிரித்துக்கொள்ளுங்கள். சொல்லை ஒலியாகச் சுழற்றி வைத்திருக்கும் பகுதியும் உருவத்தை வைத்திருக்கும் பகுதியும் செயல்படு நினைவில் தனித்தனியாக உண்டு என்பது ஆலன் பேடலியும் கிரகாம் ஹிட்சும் 1974இல் முன்வைத்த கருத்து. எனவே வாயால் சொல்லிக்கொண்டே விரலால் படத்தில் வழியைத் தொடர்ந்து செல்வது நல்ல பயன் தரும்.

அடுத்தது, காரணத்தைத் தேடுவது. புதிய செய்தி ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டால்தான் நீண்டகால நினைவில் நிற்கும். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமனாக இருக்கிறது? வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்திலுள்ள நுரையீரலுக்கு அனுப்பினால் போதும்; இடதோ தலை முதல் கால் வரை தள்ள வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை அந்த வரியை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

இனி, முழுப் பயிற்சியின் உயிரான பகுதிக்கு வருகிறேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு வெற்றுத் தாளில், நினைவிலிருந்து மட்டும் முழுப் பாதையையும் எழுதுங்கள். முதல் சில நிமிடங்கள் தவிப்பாகத்தான் இருக்கும். அந்தத் தவிப்பில்தான் கற்றல் நடக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, ஒருமுறை படித்துவிட்டு ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 56 விழுக்காடும், இருமுறை படித்தவர்கள் 42 விழுக்காடும் நினைவு வைத்திருந்தார்கள். மீண்டும் மீண்டும் படிக்கும்போது பக்கம் பழகிப்போகிறது. அந்தப் பழக்கத்தைத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள்.

அண்மையில் ஒரு மாணவன் இப்படி எழுதியபோது வலது வெண்ட்ரிக்கிள் வரை தடையின்றி வந்தான். அங்கே பேனா நின்றது. பிறகு "நுரையீரல் சிரை" என்று எழுதினான். கெட்ட இரத்தம் சிரையில்தானே போகும் என்பது அவன் எண்ணம். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, உள்ளே கொண்டுவருவது சிரை, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பது இங்கே கணக்கில்லை என்று சொன்னதும் தானே அடித்துத் திருத்தினான். பத்துத் தடவை படித்தும் கண்ணில் படாத அந்த ஓட்டையை ஒரு வெற்றுத் தாள் காட்டிக்கொடுத்தது. எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, தவறியவற்றை மட்டும் வேறு நிற மையால் உடனே திருத்திக்கொள்ள வேண்டும்.

இதை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது? ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து தம்மையே சோதித்து 1885இல் கண்டதன்படி, மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாக இறங்கிப் பின் மெதுவாகிறது. அதனால் படித்த அன்றே ஒருமுறை, மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். இந்த நாட்கணக்கு என் வகுப்பில் பழக்கத்தில் வந்தது, கூடக்குறைய இருந்தால் பாதகமில்லை.

தூக்கத்தைக் குறைத்துப் படிப்பதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. அன்றைய செய்திகளை மூளையின் உட்பகுதியான ஹிப்போகேம்பஸ் மறுபடி ஓட்டிப் பார்த்து, மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணியில் நிலைபெறச் செய்யும் வேலையில் பெரும்பங்கு ஆழ்ந்த உறக்கத்தில் நடக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு ஒரு தாளில் அந்த 11 பெயர்களையும் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்துவிடுங்கள்.