அலமாரி மேல கிடந்த ராக்கெட் கிட்டை திரும்ப எடுத்தா முதல்ல என்ன பண்ணணும்

ஸ்கூல் படிக்கறப்ப வாங்கி தொடாமலே விட்ட எஸ்டஸ் ஆல்ஃபா மாடல் ராக்கெட் கிட் ஒன்னு, கோலாலம்பூர் செந்தூல்ல அம்மா வீட்டு அலமாரி மேல இருபது வருஷமா கிடந்துச்சு, தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கறப்ப தலையில விழுந்துச்சு. முடிஞ்சா 31 செ.மீ உயரம், ஒரு அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, மூணு பால்சா (லேசான மரம்) இறக்கை, அவ்ளோதான். தெரிஞ்ச வேலைதானேன்னு அன்னைக்கே பசையைத் திறந்துடாதீங்க, பெட்டியில எதெல்லாம் கெட்டுப்போச்சுன்னு பாருங்க.

மூக்கையும் குழாயையும் இணைக்கற ரப்பர் கயிறு கண்டிப்பா போயிருக்கும். என்னோடது இழுத்தவுடனே பொடியா உதிர்ந்துச்சு. மஸ்ஜித் இந்தியா பக்கம் தையல் சாமான் கடையில 6 மி.மீ எலாஸ்டிக் வாங்கி, குழாய் நீளத்துக்கு மூணு மடங்கு வெட்டிக்கோங்க. மடிச்ச பேப்பர்ல வெச்சு குழாய்க்குள்ள ஒட்டறப்ப, மூக்கோட அடிப்பாகம் எவ்ளோ உள்ள போகுதோ அதையும் தாண்டி ஒட்டணும், இல்லன்னா மூக்கு மூடாது. தண்ணில ஊறவெச்சு ஒட்டற டெக்கால் (படம், எழுத்து ஸ்டிக்கர்) மஞ்சளா இருந்தா ஜன்னல் கண்ணாடியில வெயில் பார்த்த மாதிரி சில நாள் ஒட்டி வைங்க, பெரும்பாலும் வெளுத்துடும். ஓரத்துல ஒரு துண்டு வெட்டி தண்ணில போட்டுப் பாருங்க, நொறுங்கிச்சுன்னா முழு ஷீட்டுக்கும் கிளியர் ஸ்ப்ரே அடிச்சு காயவெச்சு, ஒவ்வொன்னா வெட்டி ஒட்டுங்க.

இப்ப இறக்கை. இங்கதான் நேரத்தை செலவு பண்ணணும். பால்சா மேல நகத்தை குறுக்கால ஓட்டினா வரிவரியா ஏறி இறங்கும், பெயிண்ட் அடிச்சா அந்த வரி எல்லாம் இன்னும் பளிச்சுன்னு தெரியும். வுட் ஃபில்லரை தண்ணி விட்டு தோசை மாவை விட கொஞ்சம் இளக்கமா கரைச்சு பிரஷ்ல தடவுங்க, ஆனா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல, ஒரு பக்கம் மட்டும் தடவினா ஈரத்துல அப்பளம் மாதிரி வளைஞ்சிடும். காஞ்சதும் 220 நம்பர் உப்புத்தாளால தேய்ங்க, அப்புறம் 400. ரெண்டு மூணு தடவை பண்ணுங்க, நகம் வழுக்கினா போதும். முன் ஓரத்தை உருண்டையா தேய்ங்க, பின் ஓரத்தை மெல்லிசாக்குங்க, குழாயில ஒட்டற ஓரத்தை மட்டும் தொடவே தொடாதீங்க, அங்க வெறும் மரம்தான் பசையைப் பிடிக்கும்.

ஒட்ட சூப்பர் குளூ வேணாம், அடி பட்டா பட்டுன்னு விட்டுடும். வுட் குளூவை ரெண்டு பக்கமும் தடவி காயவிட்டு, திரும்ப மெல்லிசா தடவி அழுத்துங்க, கொஞ்ச நேரத்துலயே கப்புன்னு பிடிச்சுக்கும். அதே குணம்தான் மோட்டார் குழாயை உள்ள தள்றப்ப நமக்கு வில்லன். பாதியில நிறுத்தி நேரா போகுதான்னு பார்த்தேன், அவ்ளோதான், அங்கயே நின்னுடுச்சு. ஒரே தள்ளுல முடிச்சிடுங்க லா.

பெயிண்ட்டுக்கு கேஎல்ல நமக்கு எதிரி காத்துல இருக்கற ஈரம். ஸ்ப்ரே ஆவியாகறப்ப மேல்பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கும், பளபளப்பு போய் பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும். மத்தியானத்துக்கு மேல மழை கட்டற ஊர்ல காலைல பத்து மணிக்கு மேல வெயில் நல்லா ஏறினதும் அடிச்சு முடிச்சிடணும், மாடி வீடா இருந்தா பால்கனில பெரிய அட்டைப்பெட்டிக்குள்ள மாஸ்க் போட்டுக்கிட்டு. பேப்பரை சுருட்டி வால் பக்கம் சொருகி அதைப் பிடிச்சுக்கிட்டு, 25 செ.மீ தள்ளி, மெல்லிசா ரெண்டு மூணு தடவை. பிளாஸ்டிக் மூக்கை முதல்ல சோப்பு போட்டு கழுவுங்க. பிரைமர், 400 தாள், வெள்ளை, அப்புறம்தான் கலர். பைலாக்ஸ் ஸ்ப்ரேயோ வேற எதுவோ, எல்லா கோட்டும் ஒரே வகையா இருக்கட்டும், எனாமல் மேல லாக்கர் அடிச்சா சுருங்கி எருமைத் தோல் மாதிரி ஆகிடும். ரெண்டு கலர்னா மாஸ்கிங் டேப் ஓரத்துல முதல்ல அடியில இருக்கற கலரையே ஒரு தடவை அடிங்க, கசியாது.

பறக்கவிடறதைப் பத்தி ஒரு வார்த்தை. மோட்டார்ல இருக்கறது கருமருந்து, இங்க மலேசியால 1957 வெடிபொருள் சட்டம் இருக்கு, ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி வம்புல மாட்டிக்காதீங்க. என்னோடது ஷெல்ஃப்லதான் நிக்குது. முறையா அனுமதி வாங்கி விடறவங்க, பெயிண்ட் காஞ்சப்புறம் மோட்டாரை உள்ள வெச்சு ராக்கெட்டோட எடை மையத்தை திரும்பப் பாருங்க, வால் பக்கம் பசையும் பெயிண்ட்டும் ஏறினா மையம் பின்னால போயிடும். அது காத்தழுத்த மையத்துக்கு (காத்து தள்ற விசையோட நடுப்புள்ளி) ஒரு குழாய் விட்டமாவது முன்னால இருக்கணும்.

பாராசூட்டை மடிச்சு உள்ளயே விட்டுடாதீங்க, இந்த ஊர் புழுக்கத்துல பிளாஸ்டிக் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். வெளிய எடுத்து விரிச்சு, கொஞ்சம் பேபி பவுடர் தூவி தனியா வைங்க.