விமான பெட்ரோலில் நாக்கிங் தடுப்பான்களைச் சோதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரப் பொறியியல் மாணவர்களும், எரிபொருள் ஆய்வகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களும் எழுதிக் கொண்டுவரும் சோதனை அறிக்கைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது சில ஆண்டுகளாக என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. என்ஜினுக்குள் தீச்சுடர் வந்து சேரும் முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்வதுதான் நாக்கிங்; அதைத் தடுக்க விமான பெட்ரோலில் சேர்க்கப்படும் ஈயச் சேர்மம் டெட்ரா எதில் ஈயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதைத் தனி அனுமதியின்றிப் பயன்படுத்துவதற்கான காலக்கெடு 2025 மே 1 அன்று முடிந்துவிட்டது. அமெரிக்காவும் 2030-ஆம் ஆண்டு முடிவதற்குள் பிஸ்டன் விமானங்களை ஈயமற்ற பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஆகவே ஈயத்துக்கு மாற்றாக எதைச் சேர்க்கலாம் என்ற தலைப்பை எடுப்பவர்கள் நம் பகுதியிலும் பெருகியிருக்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் என் தலைமுறையினர் இத்தொழிலைக் கற்றபோது செய்த தவறுகளே, வரிசை கூட மாறாமல், இவர்களுடைய அறிக்கைகளிலும் திரும்ப வருகின்றன.

பாட்டிலில் பெயர் ஒட்டாதது, தராசைச் சரிபார்க்காதது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. அவற்றை எந்த ஆய்வக உதவியாளரும் முதல் நாளிலேயே சொல்லித் தந்துவிடுவார்.

ரிசர்ச் ஆக்டேன் எண்ணை வைத்து விமான என்ஜினைப் பற்றி முடிவு சொல்வது

ஓர் எரிபொருள் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஆக்டேன் எண். பெட்ரோல் பங்க்கில் 91, 95 என்று நாம் பார்ப்பவை ரிசர்ச் ஆக்டேன் எண்கள். அந்த முறையில் சி.எஃப்.ஆர். எனப்படும் ஒற்றைச் சிலிண்டர் சோதனை என்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றுகளில் ஓடுகிறது; உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை சுமார் 52 டிகிரி செல்சியஸ். மோட்டார் முறையில் அதே என்ஜின் 900 சுற்றுகளில் ஓடுகிறது. காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையே 149 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டுச் சிலிண்டருக்குள் நுழைகிறது. காற்றால் மட்டுமே குளிர்விக்கப்பட்டு, ஏறும்போது நீண்ட நேரம் முழுச் சுமையில் ஓடும் விமான என்ஜினின் நிலைமைக்கு இரண்டாவது முறைதான் நெருங்கி வருகிறது. அதனால்தான் விமான பெட்ரோலுக்கான ஏ.எஸ்.டி.எம். டி 910 தரம், மெலிந்த (காற்று மிகுந்து எரிபொருள் குறைந்த) கலவைக்கான மதிப்பை மோட்டார் முறையில் கேட்கிறது.

எத்தனாலின் ரிசர்ச் எண் 109 அளவில் இருக்கிறது. மோட்டார் எண்ணோ 90 அளவுதான். இந்த இடைவெளியைக் கவனிக்காதவர், எத்தனால் சேர்த்த கலவை விமான பெட்ரோலையே மிஞ்சிவிட்டது என்று எழுதிவிடுகிறார். ரோடாக்ஸ் 912 யு.எல்.எஸ். என்ஜினுக்கு அதன் தயாரிப்பாளரே ரிசர்ச் எண் 95 என்று குறிப்பிடுகிறாரே என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அந்த என்ஜினின் சிலிண்டர் தலைகள் திரவத்தால் குளிர்விக்கப்படுபவை. அந்த விதியை எடுத்துக் காற்றால் குளிரும் லைகமிங் என்ஜினுக்குப் பொருத்தக் கூடாது.

அடிப்படை எரிபொருளைப் பங்க்கில் வாங்குவது

என்னை இன்றுவரை எரிச்சலடையச் செய்யும் தவறு இதுதான். பணமும் உழைப்பும் இதில் வீணாவதைப் போல வேறு எதிலும் வீணாவதில்லை. அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடலூருக்கு அருகில் உள்ள ஒரு கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் மெட்டா டொலுயிடின் என்னும் அரோமேட்டிக் அமீனைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வில் குறையில்லை. இந்த வகைப் பொருள்கள் நாக்கிங்கைத் தடுக்கும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்ததே. அவற்றுள் ஒன்றான சைலிடின் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே விமான பெட்ரோலில் கலக்கப்பட்டது. மாணவர்கள் புறவழிச்சாலைப் பங்க் ஒன்றில் ஒரு கேன் பெட்ரோல் வாங்கி, அதில் ஒரு சதவீதம் அமீனைச் சேர்த்துச் சோதித்தார்கள். அது தீர்ந்தபின், மழைக்காலம் தொடங்கிய நிலையில், வேறொரு பங்க்கில் வாங்கிய கேனில் இரண்டு சதவீதம் சேர்த்துச் சோதித்தார்கள். இரண்டு சதவீதத்தில் கிடைத்த பலன் ஒரு சதவீதத்தில் கிடைத்ததைவிடக் குறைவாக இருந்தது. உடனே தடுப்பான் ஓர் எல்லைக்கு மேல் செயலற்றுவிடுகிறது என்று ஒரு கோட்பாட்டை வகுத்து, அதற்கு வேதியியல் விளக்கமும் பல பக்கங்கள் எழுதிவிட்டார்கள்.

அமீனின் மேல் பழியைப் போடுவதற்கு முன் அவர்கள் பார்த்திருக்க வேண்டியது இரண்டாவது கேனை. அதில் தடுப்பான் சேர்க்காமல் ஒரு ஓட்டம் கூட எடுக்கப்படவில்லை. ஆகவே அந்தத் தரவுகளை மீட்கவும் வழியில்லை. ஒப்பீட்டுக்கான விலை உயர்ந்த ஐசோ ஆக்டேனும், ஒரு பருவம் முழுவதும் கண்விழித்த உழைப்பும் போயின. வழிகாட்டியாக இருந்தவர், எல்லாப் பெட்ரோலும் ஒன்றுதானே என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். அது ஒன்றே அல்ல.

பங்க் பெட்ரோலில் இன்று 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எஞ்சியது சுத்திகரிப்பு ஆலையின் பல பிரிவுகளிலிருந்து வரும் நாப்தாக்களின் கலவை. தரக்கட்டுப்பாட்டின் எல்லைகளுக்குள் அதன் சேர்மானம் தொகுதிக்குத் தொகுதி மாறலாம். தரம் அதைத் தடுப்பதில்லை. கார் ஓட்டுபவருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. விமான பெட்ரோலோ பெரும்பாலும் ஆல்கைலேட், அதாவது கிளைத்த பாரஃபின்களால் ஆனது. அதனுடன் ஆவியாகும் தன்மைக்காக ஐசோ பென்டேன், செறிந்த (எரிபொருள் மிகுந்த) கலவையில் வலுச் சேர்க்க டொலுவீன், இவற்றோடு லிட்டருக்கு 0.56 கிராம் வரையிலான ஈயம் ஆகியவை சேர்ந்ததே 100 எல்.எல். தரம்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு நாக்கிங் நிகழும் விதத்தைப் பார்க்க வேண்டும். தீச்சுடர் சென்றடையும் முன், சிலிண்டரின் ஓரத்தில் எரியாமல் எஞ்சி நிற்கும் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே பற்றிக்கொள்வதுதான் நாக்கிங். பாரஃபின்கள் அந்த நிலையை அடையும் முன், பெராக்சைடுகளை உண்டாக்கும் தாழ்வெப்ப ஆக்சிஜனேற்றச் சங்கிலி ஒன்றின் வழியே செல்கின்றன. ஈயத்திலிருந்து உருவாகும் ஆக்சைடும் சரி, ஹைட்ரஜன் அணுவை எளிதில் விட்டுக்கொடுக்கும் அமீன்களும் சரி, அந்தச் சங்கிலியைத்தான் அறுக்கின்றன. டொலுவீனிலும் எத்தனாலிலும் அந்த வழி பெரும்பாலும் இல்லை. ஆகவே தடுப்பான் அறுப்பதற்கு அங்கே அதிகம் ஏதுமில்லை. ஈயத்துக்குப் பாரஃபின்கள் நன்றாகவும், அரோமேட்டிக்குகளும் ஒலிஃபின்களும் குறைவாகவும் பதில் கொடுப்பது இதனால்தான். பங்க் பெட்ரோலில் கண்ட உயர்வை விமான பெட்ரோலுக்கு எழுதிவைப்பது, பண்ருட்டிச் செம்மண்ணில் பலாவுக்கு இட்ட உரத்தின் பலனைச் சிதம்பரத்து நெல்வயலுக்குக் கணக்கெழுதுவதற்குச் சமம்.

இன்னொன்றும் இதனுடன் சேர்ந்தே வருகிறது. முதலில் சேர்க்கும் சிறு அளவே அதிகப் பலனைத் தரும். அடுத்தடுத்த அளவுகளின் பலன் தேய்ந்துகொண்டே போகும். ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்றால் ஐந்து சதவீதத்துக்கு ஐந்து மடங்கு என்ற கணக்கை நான் எண்ணற்ற அறிக்கைகளில் அடித்திருக்கிறேன். 85 எண்ணில் தொடங்கும் எரிபொருளில் கிடைத்த உயர்வு, 97-இல் தொடங்கும் எரிபொருளில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் அதே தவறுதான்.

அப்படியானால் எதைப் பயன்படுத்துவது? விமான பெட்ரோலுக்கான ஆல்கைலேட் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. கிடைக்காவிட்டால் ஐசோ ஆக்டேன், நார்மல் ஹெப்டேன், டொலுவீன் மூன்றையும் எடையளவில் கலந்து, சேர்மானம் முழுவதும் தெரிந்த ஓர் அடிப்படை எரிபொருளை நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள். முழுச் சோதனைக்கும் போதுமான அளவை ஒரே தொகுதியாகக் கலந்து, மூடி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் தொடக்கத்திலும் முடிவிலும் தடுப்பான் சேர்க்காத ஓட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும். தடுப்பானின் அளவைக் குறைந்தது நான்கு நிலைகளில் மாற்றுங்கள். முடிந்தால் டொலுவீன் விகிதம் வேறான இரண்டாவது அடிப்படை எரிபொருளிலும் சோதியுங்கள். இந்தியன் ஆயில் நிறுவனம் குஜராத் ஆலையில் தயாரிக்கும் 100 எல்.எல். 2022 முதல் நம் நாட்டிலேயே கிடைக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதில் ஏற்கெனவே ஈயம் இருக்கிறது. ஈயமற்ற கலவைக்கான தடுப்பானை ஈயத்தின் மேல் வைத்துச் சோதித்தால் விடை எதற்கும் பொருந்தாது.

கடற்கரைக் காற்றைக் கணக்கில் எடுக்காதது

நம் ஊர்க்காரர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டிய இடம் இது. உள்ளிழுக்கும் காற்றில் உள்ள நீராவி நாக்கிங்கைக் குறைக்கும். அதனால் ஆக்டேன் சோதனை முறைகள், ஒரு கிலோ உலர் காற்றில் 3.56 முதல் 7.12 கிராம் வரை மட்டுமே நீராவி இருக்கலாம் என்று வரையறுக்கின்றன. 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலூர்க் காற்றில் அது 22 கிராமைத் தாண்டும். அறைக்கு ஏ.சி. போட்டிருக்கிறோம் என்பது போதாது; 24 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் என்றாலும் 9 கிராமுக்கு மேல் வரும். என்ஜினுக்குப் போகும் காற்றைத் தனியாகக் குளிர்வித்து, நீரை வடித்து, மீண்டும் சூடாக்கி அனுப்பும் அமைப்பு தேவை.

ஒப்பிடுவதற்கான, ஆக்டேன் எண் தெரிந்த மேற்கோள் எரிபொருளையும் அதே காற்றில்தானே ஓட்டுகிறோம், பிழை தானே கழிந்துவிடும் என்பார்கள். ஒரு பகுதிதான் கழியும். மேற்கோள் எரிபொருளைக் காலையிலும் மாதிரியைக் கடற்காற்று உள்ளே புகுந்த பிற்பகலிலும் ஓட்டினால் அந்தப் பகுதியும் கழியாது. ஈரப்பதத்தை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எழுதிவையுங்கள்.

மாறு அமுக்க விகித என்ஜினின் அளவை ஆக்டேன் எண் என்று எழுதுவது

ஆக்டேன் எண் 100 என வைக்கப்பட்ட ஐசோ ஆக்டேனும் 0 என வைக்கப்பட்ட நார்மல் ஹெப்டேனும் சேர்ந்த கலவைகளில், உங்கள் மாதிரிக்குச் சற்று மேலும் கீழும் உள்ளவற்றோடு ஒப்பிடாதவரை, உங்களிடம் இருப்பது நாக்கிங் தொடங்கிய அமுக்க விகிதம் மட்டுமே. அதை அப்படியே எழுதுங்கள்.

மெலிந்த கலவையோடு நிறுத்திவிடுவது

பழைய தரப்பெயரான 100/130-இல் இரண்டு எண்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. முதலாவது மெலிந்த கலவைக்கு. இரண்டாவது, மேலெழும்போது பயன்படும் செறிந்த கலவைக்கு. இரண்டாவதை டி 909 சூப்பர்சார்ஜ் முறையில் அளக்கிறார்கள்: அமுக்க விகிதம் 7 என்று நிலையாக இருக்கும், என்ஜின் 1800 சுற்றுகளில் ஓடும், உட்புகு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், நாக்கிங் எல்லையில் கிடைக்கும் திறனைக் கலவையின் செறிவுக்கு ஏற்ப வரைபடமாக்குவார்கள். 130 என்பது ஆக்டேன் எண் அல்ல, செயல்திறன் எண். 100-க்கு மேல் உள்ள பகுதியை மூன்றால் வகுத்து 100-உடன் கூட்டினால் 110 என்ற ஆக்டேன் எண் வரும். ஒரு முறையில் முதலிடம் பெற்ற கலவை மற்றொன்றிலும் முதலிடம் பெறும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அரோமேட்டிக்குகள் செறிந்த கலவையில்தான் தம் முழு வலுவைக் காட்டுகின்றன. டி 909 வசதி உங்களுக்கு எட்டாவிட்டால், செறிந்த கலவையில் சோதிக்கவில்லை என்று அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

டெட்ரா எதில் ஈயத்தை மாணவர் ஆய்வகத்தில் கையாள்வது

வேண்டவே வேண்டாம். அது தோல் வழியாகவே உடலுக்குள் இறங்கி நரம்பு மண்டலத்தைத் தாக்கும்.

எம்.எம்.டி. மாதிரியை வெளிச்சத்தில் வைப்பது

நாக்கிங் தடுப்பானான இந்த மாங்கனீசுச் சேர்மம் சூரிய ஒளியில் சிதையும். பழுப்பு பாட்டில், இருட்டு அலமாரி.

ஆக்டேன் உயர்ந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பது

ஈயத்துடன் எதிலீன் டைப்ரோமைடு சேர்க்கப்படுவது, எரிந்தபின் எஞ்சும் ஈயத்தை ஆவியாகும் புரோமைடாக்கி வெளியேற்றத்தான். மாங்கனீசுக்கும் இரும்புக்கும் அப்படி நிறைவாக வேலைசெய்யும் துணை கிடைக்கவில்லை. இரும்புச் சேர்மமான ஃபெர்ரோசீன் ஸ்பார்க் பிளக்கின் பீங்கானில் படியவிடும் இரும்பு ஆக்சைடு மின்பொறியையே கெடுக்கும். அமீன்கள் சேமிப்பில் நிறம் மாறுகின்றனவா, கோந்து படிகிறதா, தொட்டியின் ரப்பர் அடைப்புகளை வீங்கச் செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உறைநிலை மைனஸ் 58 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. வெப்ப மதிப்பு கிலோவுக்கு 43.5 மெகாஜூலுக்குக் குறையக் கூடாது. எத்தனாலின் மதிப்பு 27 அளவே என்பதால் அதை அதிகம் சேர்த்த கலவை இங்கேயே தோற்றுவிடும். கடலின் மேல் பறப்பவருக்கு இந்த எண் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே இதை அறிக்கையின் பின்னிணைப்பில் ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரு தடுப்பானின் படிவின் மேல் அடுத்ததைச் சோதிப்பது

உலோகம் கலந்த தடுப்பானை ஓட்டியபின் எரிஅறையில் ஒட்டியிருக்கும் படிவு, அடுத்து வரும் எரிபொருளின் நாக்கிங்கையும் மாற்றிவிடும். உலோகமற்றவற்றை முதலில் முடித்துவிட்டு, உலோகச் சேர்மங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் தலையைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். டொலுவீன் தரப்படுத்தும் கலவையை ஓட்டி, என்ஜின் எதிர்பார்த்த மதிப்பைக் காட்டுகிறதா என்று பார்த்தபிறகே மாதிரியை ஏற்றுங்கள். அந்த மதிப்பு எல்லைக்கு வெளியே விழுந்த நாளில் எடுத்த அளவுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றைச் சேர்க்காமல், காரணத்தைச் சரிசெய்துவிட்டு மாதிரிகளை மீண்டும் ஓட்டுங்கள்.