முதியோர் மூளையில் சிறு இரத்தக்குழாய் நோய்: எம்ஆர்ஐ எடுப்பதும் படிப்பதும்

மூளையின் ஆழத்துக்குச் செல்லும் நுண்தமனிகள் வழக்கமான எம்ஆர்ஐயில் தெரியாது. அவை கெட்டதால் சுற்றியுள்ள திசுவில் விழுந்த தழும்புகளைத்தான் பார்க்கிறோம். தழும்புகளை ஒன்றோடொன்று குழப்பாமல் பிரிப்பதில்தான் ஆய்வின் தரம் இருக்கிறது. பெயர்களுக்கும் அளவுகளுக்கும் இந்நோயின் மூளைப்பட மாற்றங்களுக்காக 2013இல் வெளியான ஸ்ட்ரைவ் (STRIVE) என்ற பொது வரையறைகளையும் 2023இல் வந்த திருத்தத்தையும் அப்படியே பின்பற்றுங்கள். ஒரே மாற்றத்தை ஆளுக்கொரு பெயரில் எழுதினால் முடிவுகளை ஒப்பிட முடியாது.

ஐந்து வகை எம்ஆர்ஐ படங்கள் தேவை: 1 மி.மீ. முப்பரிமாண டி1 (நீர் கருப்பாகத் தெரியும்), டி2 (நீர் வெள்ளையாகத் தெரியும்), ஃப்ளேர் (டி2 போன்றது, ஆனால் மூளைத் தண்டுவட நீரின் ஒளியை அடக்கும்), டிஃப்யூஷன் (திசுவில் நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும்), எஸ்டபிள்யூஐ (கசிந்த இரத்தத்தைக் கருப்பாகக் காட்டும்). ஃப்ளேரையும் முப்பரிமாணத்தில் எடுப்பது நல்லது. தடித்த வெட்டுகளில் சிறு குழிவுகள் நழுவிவிடும். நேரம் ஆக ஆக முதியவர்கள் அசைவார்கள். எஸ்டபிள்யூஐ அசைவைத் தாங்காது, அதைக் கடைசிக்கு வைக்க வேண்டாம். உள்ளே போகும் முன் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை, தலையின் இருபுறமும் பஞ்சுத் திண்டு வையுங்கள். காதுக்கருவியைக் கழற்றிய பிறகு பேசுவது கேட்காது. எல்லாவற்றையும் முன்பே விளக்கிவிடுங்கள். பேஸ்மேக்கர், காக்ளியர் (உட்செவி) கருவி, அனியூரிசம் (இரத்தக்குழாய்ப் புடைப்பு) கிளிப் பற்றி நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதாது. நினைவு மங்கியவர் மறந்திருக்கலாம். வீட்டாரிடமும் மருத்துவப் பதிவிலும் சரிபாருங்கள்.

அசையாமல் படுக்க முடியாமல் விலகுபவர்களில் நோய் முற்றியவர்கள் அதிகம் இருக்கக்கூடும். எத்தனை பேர், ஏன் விலகினார்கள் என்று எழுதி வையுங்கள்.

படிக்கும்போது எல்லாப் படங்களையும் ஒரே வெட்டில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஒரே வகைப் படத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது. முதலில் புதிய சிறு அடைப்பு: டிஃப்யூஷனில் வெள்ளையாக, ஏடிசி வரைபடத்தில் (டிஃப்யூஷனிலிருந்து கணக்கிடப்படும் நீர் நகர்வின் அளவு) கருப்பாக, 20 மி.மீ.க்குள் இருக்கும். ஏடிசியைப் பார்க்காவிட்டால் பழைய புண்ணின் டி2 வெளிச்சத்தையும் புதியதாக எண்ணிவிடுவோம்.

அதிகம் தடுமாறும் இடம், லக்யூனையும் இரத்தக்குழாயைச் சுற்றிய இடைவெளியையும் பிரிப்பது. லக்யூன் 3 முதல் 15 மி.மீ. வரையிலான குழிவு. உள்ளே மூளைத் தண்டுவட நீரின் நிறம், ஃப்ளேரில் பெரும்பாலும் சுற்றிலும் வெள்ளை விளிம்பு. இடைவெளி பொதுவாக 3 மி.மீ.க்குள் இருக்கும், குழாயின் போக்கில் வெட்டினால் கோடாகவும் குறுக்கே வெட்டினால் புள்ளியாகவும் தெரியும், விளிம்பு இராது. ஆனால் மூன்று பொறிகள் உண்டு. மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகளின் கீழ்ப்பகுதியில் இடைவெளிகள் 10 மி.மீ.யைத் தாண்டியும் விரியும். அங்கே அளவை மட்டும் நம்பினால் லக்யூன் எண்ணிக்கை ஊதிவிடும். வெண்பொருள் மாற்றத்தின் (நரம்பிழைகள் ஓடும் பகுதியில் ஃப்ளேரில் வெள்ளையாகத் தெரியும் திட்டு) நடுவே ஓடும் இடைவெளிக்கும் வெள்ளை விளிம்பு இருப்பதுபோலத் தோன்றும். சில லக்யூன்களில் ஃப்ளேர் நீரின் ஒளியை அடக்காமல் முழு வெள்ளையாகவே காட்டும். டி1இல் நீர்போலக் கருத்திருந்தால் அது குழிவுதான்.

வெண்பொருள் மாற்றங்களை ஃபசேகாஸ் என்ற கண்மதிப்பீட்டு முறையில் 0 (இல்லை) முதல் 3 (மிக அதிகம்) வரை, மூளை அறைகளை ஒட்டியதற்கும் ஆழத்தில் உள்ளதற்கும் தனித்தனியாகத் தரம் பிரிக்கலாம். கனஅளவும் வேண்டுமானால் மென்பொருள் உதவும். அதன் வெளியீட்டை ஒவ்வொருவருக்கும் கண்ணால் சரிபார்த்தே ஆக வேண்டும்: பழைய புறணிப் பக்கவாதத்தையும் இரு அறைகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய தடுப்பையும் அது சேர்த்து அளந்துவிடும். கிடைத்த அளவை மண்டையோட்டு உட்கொள்ளளவுக்கு ஏற்பச் சரிசெய்யுங்கள். சிலருக்கு மட்டும் மிக அதிகமாக இருப்பதால் மடக்கை (log) எடுத்த பிறகு பகுப்பாய்வுக்குக் கொண்டுபோவது வழக்கம்.

நுண்கசிவுகள் (மிகச் சிறிய இரத்தக்கசிவுகள்) எஸ்டபிள்யூஐயில் 2 முதல் 10 மி.மீ. வரையிலான கரும்புள்ளிகள். அந்தப் படம் புள்ளியை உண்மையைவிடப் பெரிதாக்கும். விட்டத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையையும் இடத்தையும் குறியுங்கள். மேலும் கீழும் வெட்டுகளை நகர்த்தினால் இரத்தக்குழாய் நீண்டு தெரியும், கசிவு மறைந்துவிடும். அடித்தள முடிச்சுகளில் ஒன்றான குளோபஸ் பாலிடஸில் இருபுறமும் சமமாகத் தெரிவது பெரும்பாலும் கால்சியம். எஸ்டபிள்யூஐயோடு கிடைக்கும் ஃபேஸ் படம் இரண்டையும் பிரித்துக் காட்டும். புறமடல்களில் மட்டும் இருந்தால் இரத்தக்குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிவதையும், ஆழத்தில் இருந்தால் இரத்த அழுத்தத்தையும் முதலில் நினைக்கலாம்.

படம் படிப்பவருக்கு வயது, இரத்த அழுத்தம், நினைவாற்றல் மதிப்பெண் எதுவும் தெரியக்கூடாது. இருவர் தனித்தனியாகப் படித்து, தரங்களுக்கு எடையிட்ட கப்பா (இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதன் அளவு) கணக்கிடுங்கள். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுக்கும் ஆய்வில் கருவியும் அமைப்புகளும் மாறக்கூடாது. மென்பொருள் மேம்படுத்தல்கூட அளவை மாற்றும். தவிர்க்க முடியாதபோது சிலருக்கு முன்னும் பின்னும் எடுத்து வித்தியாசத்தை அளந்து வையுங்கள். வெண்பொருள் மாற்றம் சிலருக்குச் சுருங்குவதும் உண்மை, அதைப் பிழையென்று நீக்க வேண்டாம்.

வயதுதான் எல்லாவற்றையும் குழப்பும் காரணி. ஸ்காட்லாந்தின் லோதியன் 1936 பிறப்புக் குழுவில் அனைவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஏறத்தாழ 73 வயதில் மூளைப்படம் எடுக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் 1947இல், 11 வயதில் எழுதிய அறிவுத்தேர்வின் மதிப்பெண்ணும் இருக்கிறது. முதுமையில் காணும் சிந்தனைக் குறைவில் சிறுவயதிலிருந்தே இருந்த வேறுபாடு எவ்வளவு என்று பிரிக்க அது வழிசெய்கிறது. அப்படிப்பட்ட தகவல் இல்லாதவர்கள் படித்த ஆண்டுகளையாவது பதிவுசெய்ய வேண்டும்.

கட்டியோ அனியூரிசமோ தற்செயலாகத் தென்பட்டால் யார் பார்ப்பது, எத்தனை நாளில், யார் பங்கேற்பாளரிடம் சொல்வது என்பதை முதல் ஸ்கேனுக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்து, ஒப்புதல் படிவத்திலும் சேர்த்துவிடுங்கள்.