இத்தாலியன் சாசேஜ்: தீயைக் குறைத்தால் பாதிக் கவலை போச்சு

திருச்சி, தஞ்சாவூர்க் கடைகளில் பாக்கெட்டில் வரும் சாசேஜ்களில் பல ஏற்கெனவே வெந்தவை. சூடு காட்டினால் போதும். இத்தாலியன் சாசேஜ் பெரும்பாலும் அப்படியல்ல. கொரகொரப்பாக அரைத்த பச்சைப் பன்றிக்கறியை மசாலாவோடு குடலில் அடைத்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டு புரட்டு புரட்டி எடுத்துவிடுகிறார்கள். மேலே கருகும், நடுவில் பச்சையாகவே இருக்கும். வாங்கும்போதே லேபிளைப் படியுங்கள்.

பெரிய தவறு, காய்ந்த எண்ணெயில் போட்டுத் தீயைத் தூக்கி வைப்பது. தோல் சட்டென்று சுருங்கி வெடிக்கும், சாறெல்லாம் வெளியே வந்துவிடும். வெடிக்கக் கூடாதென்று முன்கூட்டியே முள்கரண்டியால் குத்துவதும் வேண்டாம், அதே சாறு அந்த ஓட்டை வழியாகப் போகும். அகலமான வாணலியில் ஒட்டாமல் அடுக்கி, கால் டம்ளர் தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வையுங்கள். நடுவில் ஒருமுறை திருப்பினால் போதும். அப்புறம் மூடியை எடுங்கள். தண்ணீர் வற்ற வற்றக் கொதிக்கும் சத்தம் அடங்கி, சுர்ரென்று பொரியும் சத்தம் கேட்கும். கறியின் கொழுப்பே உருகி எண்ணெயாக நிற்கும்; தனியாக எண்ணெய் தேவையில்லை. அதிலேயே உருட்டி உருட்டிச் சிவக்க விடுங்கள்.

வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நடுப்பகுதியில் 71 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், சிக்கன் சாசேஜ் என்றால் 74. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

நம் கைக்குப் பழக்கமான தவறு ஒன்று உண்டு: உப்பும் சோம்பும் அள்ளிப் போடுவது. அமெரிக்க விதிப்படி இத்தாலியன் சாசேஜ் என்று விற்க உப்பு, மிளகு, அதோடு சோம்போ, சோம்பு வாசனையுள்ள அனிஸ் என்ற விதையோ இருந்தே ஆக வேண்டும். அதனால் நாம் மேலும் அள்ளிப் போடத் தேவையில்லை. தோலை உரித்து உதிர்த்து, சின்ன வெங்காயம் தக்காளியோடு தொக்காகச் செய்தால் டெல்டா சாப்பாட்டுக்கு அருமையாகச் சேரும். ஆனால் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும்.

சித்திரை வெயிலில் திருச்சியில் வாங்கி மயிலாடுதுறைக்குக் கொண்டுபோவதானால் ஐஸ் பெட்டி கட்டாயம். உறைந்ததை அடுப்பு மேடையில் இளக வைக்காதீர்கள், உள்ளே இளகுவதற்குள் வெளிப்பக்கம் கெட ஆரம்பித்துவிடும். முதல்நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். அவசரமென்றால் பாக்கெட்டைப் பிரிக்காமல் குளிர்ந்த நீரில் போட்டு, அரைமணிக்கொரு முறை நீரை மாற்றுங்கள். நெடுநேரம் கரண்ட் இல்லாமல் ஃப்ரீசரில் முழுக்க இளகி, சில்லிப்பும் போயிருந்தால், மறுபடி உறைய வைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.