பழைய பிலிம் கமராவில் உங்கள் முதல் றோல்

பெரியப்பா விட்டுப்போன பென்டாக்ஸ் கே1000 எங்கள் வீட்டு அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. 1976இல் வெளிவந்த மொடல். ஷட்டர் முழுக்க இயந்திரம், பற்றரி ஒளிமானிக்கு மட்டும்தான். பழகுவதற்கு இந்த மாதிரி கமராதான் நல்லது. காசு கொடுத்து வாங்குமுன் சொந்தக்காரர் வீடுகளில் விசாரியுங்கள்.

முதலில் பிலிம் இல்லாமல் சோதியுங்கள். பின்மூடியைத் திறந்து ஒவ்வொரு வேகத்திலும் அமத்திப் பாருங்கள். 1இல் ஷட்டர் ஒரு செக்கன் திறந்திருக்கும்; 1000இல், அதாவது ஆயிரத்திலொரு செக்கனில், வெளிச்சம் ஒரு மின்னலாகத் தெரியும். பிறகு லென்ஸைக் கழற்றி, துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கத்தால் ரோச் அடியுங்கள். சிலந்தி வலைபோல் நூல்நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். எங்கள் கடற்காற்று ஈரத்தில் சுலபமாகப் பிடிக்கும். ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, நடுவில் படர்ந்திருந்தால் வாங்காதீர்கள். மூடியோரத்துக் கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்தால் வெளிச்சம் கசியும், அதை மாற்றலாம்.

சரி, இனி பிலிம் போடுவது. இங்கே அவசரப்படவே கூடாது. காரைநகரில் ஒரு பகல் முழுக்க 36 படம் எடுத்தேன் என்று நம்பியிருந்தேன். கழுவி வந்தபோது ஒன்றுமே இல்லை, பிலிம் நகரவேயில்லை. அந்த வெறும் சுருளை இன்றும் வைத்திருக்கிறேன்.

நிழலில் நின்று, இடப்பக்கக் குமிழை மேலே இழுத்துப் பின்மூடியைத் திறந்து, டப்பியை வையுங்கள். பிலிமின் நாக்கை வலப்பக்க உருளையின் வெடிப்பில் செருகி, பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளுங்கள். பற்கள் மேலும் கீழும் ஓட்டைகளில் ஏறியதைக் கண்ணால் கண்ட பிறகுதான் மூட வேண்டும். மூடியதும் குமிழின் சின்னக் கைபிடியை வலஞ்சுழியாக மெல்லத் திருகித் தளர்வை எடுங்கள். இனி லீவரைத் தள்ளும்போது அந்தக் குமிழ் எதிர்ப்பக்கமாகச் சுழல வேண்டும். சுழன்றால் பிலிம் ஓடுகிறது. சுழலாவிட்டால் திறந்து மறுபடி போடுங்கள். இரண்டு வெறும் படம் அடித்துவிட்டு, பிலிம் பெட்டியில் உள்ள ஐஎஸ்ஓ எண்ணை (பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு உணரும் என்ற அளவு) கமராவில் வையுங்கள்.

ஒளிமானி வேலை செய்யாவிட்டாலும் கவலையில்லை. பண்ணைப் பாலத்தில் உச்சி வெயில் என்றால் துவாரம் 16 (லென்ஸ் வளையத்து எண்; எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்), வேகம் ஐஎஸ்ஓவுக்குக் கிட்டிய எண்: 400 பிலிமுக்கு 500. கசூரினா மணலில் 22. மப்பென்றால் 8. திறந்த நிழலில் 4. ஒளிமானி வேலை செய்தாலும் யாழ் பொது நூலகத்தின் வெள்ளைச் சுவர் அதை ஏமாற்றிவிடும். வெள்ளையைச் சாம்பலென்று எண்ணிப் படத்தை இருட்டாக்கும். அங்கே ஒரு படி கூடுதலாகத் திறவுங்கள். கலர் நெகட்டிவ் கூடின வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்ததைத் தாங்காது.

கே1000இல் ஒளிமானியை நிறுத்த சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால் பற்றரி நெடுநாள் நிற்கும்.

றோல் முடிந்து லீவர் இறுகினால் பலம் போடாதீர்கள். அடியிலுள்ள பொத்தானை அமத்தி, கைபிடியை வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். இறுக்கம் பட்டென்று விடும். அதன் பிறகு திறவுங்கள். கழுவக் கொடுக்கும்போது நெகட்டிவையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கமராவைத் தோலுறையில் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். தோல் ஈரம் பிடிக்கும், பூஞ்சணம் அங்கிருந்துதான் லென்ஸுக்கு ஏறும்.